உனக்குக் கேக்குதா?

அந்த அக்காவிடம் ‘நேத்து’ என்று ஒரு பேச்சை எடுத்தால் போதும், கையைக் காட்டி நிறுத்திவிடுவார்.

“நேத்தையெல்லாம் ஆலை கேட்டுலயே விட்டுட்டு வா தங்கச்சி. இப்ப என்ன கேக்குது, அதச் சொல்லு.”

முதல் தடவை நான் அசந்துபோனேன். முந்தின நாள் மழையில் எங்கள் வீட்டு அடுப்படி ஒழுகிய கதையைச் சொல்ல வாயெடுத்தவள் நான். வேலைக்குச் சேர்ந்த புதிது. பக்கத்தில் இருக்கிற மனுஷியிடம் நாலு வார்த்தை பேசாமல் எப்படிப் பொழுதை ஓட்டுவது? வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது என் சுபாவத்துக்கு ஒரு தண்டனை.

ஆனால் வேலையே உட்கார்ந்திருக்கிற வேலைதான். சுங்கை ஊடாங் பக்கத்து எண்ணெய் ஆலைகளில் ஷட்டவுன் வரும். இயந்திரங்களை நிறுத்திவிட்டுப் பெரிய இரும்புத் தொட்டிகளை உள்ளே இறங்கிக் கழுவிப் பழுது பார்க்கிற காலம் அது. தொட்டியின் பக்கவாட்டில் ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு வட்டமாக ஓட்டை இருக்கும். ஆண்கள் அதன் வழியாக உள்ளே போவார்கள். போகும்முன் தங்கள் பெயர் அட்டையைப் பலகையில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். வெளியே வந்ததும் எடுத்துக்கொள்ள வேண்டும். ஓட்டைக்கு வெளியே ஒருவர் காவல் இருந்தே ஆக வேண்டும். உள்ளே யாருக்காவது மூச்சு முட்டினால், மயக்கம் வந்தால், விசில் ஊதி ஆள் கூப்பிடுவது அவர் பொறுப்பு. எழுந்து போகக் கூடாது. கண் அசரக் கூடாது. கைப்பேசியைக் கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். பிள்ளைகள் வளர்ந்து, வீட்டில் சும்மா இருந்து அலுத்துப்போய், அதற்கான பாடத்தைப் படித்து நானும் அந்த வேலைக்குப் போனேன். “உக்காந்து சம்பளம் வாங்குற மகாராணி” என்று என் வீட்டுக்காரர் கிண்டல் பண்ணினார்.

என் தொட்டிக்கு அடுத்த தொட்டி அந்த அக்காவுடையது. எல்லாரும் அவரை ‘ஓட்டை அக்கா’ என்றுதான் கூப்பிட்டார்கள். சீன சூப்பர்வைசரும் பங்களாதேஷ் தம்பிகளும்கூட அப்படியே கூப்பிடுவார்கள். அக்கா கோபப்பட மாட்டார். “ஓட்டையப் பாத்துக்கிட்டு இருக்கறவ ஓட்டை அக்காதானே” என்பார். சட்டையில் பெயர் எழுதித்தான் இருந்தது. எனக்கு இன்றைக்கு அது நினைவில் இல்லை.

ஒல்லியான உடம்பு. கவரால் என்கிற வேலை உடுப்பு இரண்டு அளவு பெரிதாகத் தொங்கும். கன்னத்தில் எப்போதும் ஒரு பக்கம் புடைத்திருக்கும். முதலில் பல்வலி என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அது ஆசாம் பொய் கொட்டை. கடையில் பொட்டலமாக விற்கிற உப்பும் புளிப்புமான அந்தக் காய்ந்த பழத்தைக் காலையில் வாயில் போட்டார் என்றால் மத்தியானம் வரைக்கும் கொட்டையை நாக்கில் உருட்டிக்கொண்டே இருப்பார். ஆலைக்குள் எதையும் தின்னக் கூடாது என்பது சட்டம். சூப்பர்வைசர் அந்தக் கன்னத்தை மட்டும் பார்க்காத மாதிரி போய்விடுவார்.

“எதுக்குக்கா எந்நேரமும் இந்தப் புளிப்பு?”

“நாக்கு இங்கயே இருக்கட்டும்னுதான்.”

“நாக்கு எங்கக்கா போவப் போவுது?”

“நாக்கு போவாது. மனசு போயிரும். நாக்கு புளிச்சா மனசு திரும்பி வந்துரும்.”

இப்படித்தான் பேசுவார். கேட்டால் சிரிப்பு வரும், கூடவே கொஞ்சம் பயமும் வரும். ஒரு கையுறையைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு, வெறும் உள்ளங்கையை ஓட்டையின் விளிம்பில் அடிக்கடி வைத்துப் பார்ப்பார். காலையில் இரும்பு சில்லென்று இருக்கும். உச்சி வெயிலில் கை பட்டதும் பொறுக்காது. அப்படியும் வைத்து எடுப்பார். மூக்கை நிமிர்த்தி, “டீசல். ஈரத் துரு. எவனோ இன்னிக்கு மீன் சம்பால் கொண்டாந்துருக்கான்” என்று தனக்குள் சொல்லிக்கொள்வார். காதடைப்பானை ஒரு காதில்தான் போடுவார். மறு காது தொட்டிக்கு. உள்ளே இருப்பவர்கள் அவ்வப்போது சுவரில் ஸ்பேனரால் தட்டுவார்கள், நலமாக இருக்கிறோம் என்று அர்த்தம். வெளியே இருப்பவர் பதிலுக்குத் தட்ட வேண்டும். நாங்கள் எல்லாரும் ஏதோ பேருக்குத் தட்டுவோம். அக்கா தட்டுகிற சத்தத்தை வைத்தே இது யார் கை என்று சொல்லிவிடுவார். “இது நம்ம ஜாசின் ஊர்ப் பையன். கை ஓஞ்சு போச்சு. வெளிய வரச் சொல்லணும்.”

சொன்னபடியே சத்தம் போட்டு வெளியே வர வைப்பார். அந்தப் பையன் முனகிக்கொண்டே வருவான். “அக்கா, பசிக்கலக்கா, தண்ணி வேணாங்க்கா, ஏன்கா உயிர வாங்குறீங்க?” அவனை வெயிலில் நிற்க வைத்து, “வாசம் என்னா வருது சொல்லு” என்பார். அவன் ஏதாவது சொன்னால்தான் விடுவார். பைத்தியம் என்று பின்னால் பேசினவர்கள் உண்டு. ஆனால் உள்ளே இறங்குகிறவர்கள் எல்லாரும் அக்காவின் தொட்டியைத்தான் விரும்பிக் கேட்பார்கள்.

எனக்குத்தான் அந்த வித்தை வரவே இல்லை. ஓட்டையைப் பார்த்து உட்காருவேன். கொஞ்ச நேரத்தில் மகளின் பரீட்சைக்குப் போய்விடுவேன், அங்கிருந்து நாத்தனார் சொன்ன ஒரு வார்த்தைக்குப் போய்விடுவேன், அப்புறம் ராத்திரிச் சோற்றுக்கு என்ன குழம்பு என்று யோசிப்பேன். அடுத்த தொட்டியிலிருந்து ஒரு சின்னக் கல் என் பூட்ஸில் வந்து விழும். திரும்பினால் அக்கா.

“எங்க போயிட்ட?”

“இங்கதான்கா இருக்கேன்.”

“பொய் சொல்லாத. உன் மூஞ்சி வீட்டுக்குப் போயிருச்சு.”

சாயங்காலம் கேட்டுக்கு வெளியே என் வீட்டுக்காரர் மோட்டாரில் வந்து காத்திருப்பார். வேலை விட்டதும் எக்கச்சக்கமான மோட்டார்கள் அங்கே குவியும். அந்த இரைச்சலுக்குள் அக்கா ஒருநாள் சட்டென்று, “உன் வீட்டுக்காரர் வந்துட்டாரு” என்றார். நான் எட்டிப் பார்த்தேன். உண்மையிலேயே அப்போதுதான் வளைவில் திரும்பி வந்துகொண்டிருந்தார்.

“எப்படிக்கா தெரியும்?”

“அவரு மோட்டார் நிக்கறதுக்கு முன்ன ஒரு தடவ இருமும். கேட்டதில்லையா நீ? இத்தன வருசமா பின்னால உக்காந்து போற!”

வெட்கமாகப் போய்விட்டது. அன்று கவனித்துக் கேட்டேன். ஆமாம். ஆக்சிலேட்டரை விட்டதும் கர்ரென்று இறங்கி, அணைவதற்கு முன்னால் ஒரு செருமல். கிழவன் தொண்டையைச் சரி செய்கிற மாதிரி. வீட்டுக்குப் போய் அவரிடம் சொன்னேன். “அந்த அக்காவுக்கு மோட்டார் கடையில ஒரு வேலை பாக்கலாம் லா” என்று சிரித்தார். மறுநாளிலிருந்து அது எனக்கு விளையாட்டாகிவிட்டது. அக்காவுக்கு முன்னால் நான் கண்டுபிடிக்க வேண்டும் என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன். கடைசி வாரத்தில் நான்தான் ஜெயித்தேன்.

அக்காவுக்கு யாரும் வர மாட்டார்கள். கோண்ட்ராக்டரின் பஸ்ஸில் மெர்லிமாவுக்குப் போய் இறங்குவார். தனியாக இருக்கிறார் என்று மட்டும் தெரியும். ஒரு விடுமுறை நாளில் மெர்லிமாவில் என் வீட்டுக்காரருக்குச் சாமான் வாங்குகிற வேலை இருந்தது. அவரை மோட்டார் கடையில் விட்டுவிட்டு, கேட்டு விசாரித்து அக்கா வீட்டுக்குப் போனேன்.

வாசலில் நின்று கூப்பிட்டேன். பதில் இல்லை. உள்ளே டிவி பாடிக்கொண்டிருந்தது, அதற்கு மேல் ரேடியோவும். எங்கள் தொட்டி வாசலில் ஈ பறந்தால் திரும்புகிற அக்கா, தன் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, நான் எதிரில் போய் நிற்கிற வரைக்கும் என்னைப் பார்க்கவில்லை. கையில் ஒரு கீரைக்கட்டு. ஆய்ந்ததும் இல்லை, கீழே வைத்ததும் இல்லை. நான் தோளைத் தொட்டதும் தூக்கிவாரிப்போட்டது அவருக்கு.

“பசியாறிட்டியா?” என்றார் உடனே. மற்றதையெல்லாம் அதன் கீழே மறைத்துவிட்ட மாதிரி.

காப்பி கலக்கப் போனார். முகம் கழுவலாம் என்று நான் குளியலறைப் பக்கம் போனேன். குளியலறைக்குக் கதவு இல்லை. கீல் இருந்த இடத்தில் துருப்பிடித்த அடையாளம் மட்டும் இருந்தது. ஒரு பூப்போட்ட துணித்திரை தொங்கியது. நான் அங்கேயே நின்றதை அக்கா பார்த்துவிட்டார்.

அவராகவே சொன்னார். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவர் வாயிலிருந்து பழசு வந்தது.

“எங்க பெரியக்கா மக கல்யாணம். பந்தியில என்னைய யாரும் வந்து சாப்புடக் கூப்புடல. பெரிய விசயமா அது? எனக்குப் பெரிசா போச்சு. மறுநாள் காலையில இந்த அடுப்படியில நின்னுக்கிட்டு மனசுக்குள்ளயே அவகூடச் சண்ட போடறேன். அவ இப்படிச் சொல்லுவா, நான் அப்படிக் கேப்பேன்னு. எங்க வீட்டுக்காரரு குளிக்கப் போனாரு. உள்ள விழுந்துட்டாரு. வாய் வரல போல. குவளையால கதவத் தட்டியிருக்காரு. தட்டித் தட்டி…”

காப்பியை ஆற்றுவதை நிறுத்தவில்லை.

“சத்தம் கேட்டுச்சு தங்கச்சி. அதான் எனக்கு ஆற மாட்டேங்குது. காதுல விழுந்துச்சு, மனசுல விழல. நான் எங்கக்கா வீட்டுப் பந்தியில நிக்கறேன். சண்டயில நான் ஜெயிச்சு முடிச்சுட்டுத் திரும்பிப் பாத்தப்ப, சத்தம் நின்னு போயிருந்துச்சு.”

காப்பியை வாங்கிக் குடித்தேன். சர்க்கரை போட மறந்திருந்தார். அதையும் நான் சொல்லவில்லை. பெரியக்காவோடு அதற்குப் பிறகு பேச்சே இல்லையாம். கருமாதிக்கு வந்தவரையும் முகம் பார்க்கவில்லையாம். பக்கத்தில் செர்காமில்தான் இருக்கிறார், இருந்தும் போனதில்லை. இரண்டாவது மாதமே கதவைக் கழற்றிப் பழைய இரும்புக்காரனிடம் கொடுத்துவிட்டு, இந்தத் தொட்டி வேலைக்கு வந்துவிட்டார். “அங்க உக்காந்தா கேக்கறதே வேல. இங்க உக்காந்தா அந்தச் சத்தம்தான். அதான் ரேடியோ, டிவி எல்லாம்” என்றார். ஷட்டவுன் இல்லாத மாதங்களை எப்படிக் கழிப்பார் என்று எனக்கு அப்போதுதான் நினைக்கத் தோன்றியது. எங்கள் எல்லாருக்கும் வேலை முடிகிற நாள் பெருநாள். அக்காவுக்கு அப்படி இருந்திருக்காது.

அந்த நாளும் வந்தது. அக்காவின் தொட்டியை மூட வேண்டிய நாள். உள்வேலை முடிந்து, ஆட்கள் எல்லாரும் வெளியே வந்து, பலகையில் ஓர் அட்டையும் மிச்சமில்லை. கனமான இரும்பு மூடியைத் தூக்கி வந்து ஓட்டையில் வைத்து நட்டு முறுக்கவேண்டியதுதான் பாக்கி. சங்கிலியில் மூடி தொங்கிக்கொண்டிருந்தபோது அக்கா எழுந்து கையை விளிம்பில் வைத்தார்.

“நிறுத்துங்க. உள்ள யாரோ தட்டுறாங்க.”

சங்கிலி நின்றது. சூப்பர்வைசர் ஆட்களை வரிசையில் நிற்க வைத்துப் பார்த்தார். எல்லாரும் இருந்தார்கள். ஜாசின் பையன் கையை உயர்த்தி, “அக்கா, நான் இங்கதான்கா இருக்கேன்” என்றான். அக்கா தலையை ஆட்டினார். தட்டுற சத்தம் கேட்குது என்றார் மறுபடியும். குரல் உயரவில்லை, அதுதான் எல்லாரையும் யோசிக்க வைத்தது. திரும்பவும் காற்றைச் சோதித்து, விளக்கோடு ஒருவரை உள்ளே அனுப்பினார்கள். அவர் மூலை முடுக்கெல்லாம் பார்த்துவிட்டு வந்து, ஒன்றுமில்லை என்றார். மூடி மறுபடியும் நகர்ந்தது.

அக்கா ஓட்டையின் விளிம்பில் ஏறி உட்கார்ந்துகொண்டார். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே.

“அக்கா, சூடாலா” என்றார் சூப்பர்வைசர். போதும் என்று மலாயில் கெஞ்சினார். பிறகு கத்தினார். பாதுகாப்பு அதிகாரிக்கு ஆள் போனது. அக்கா யாரையும் பார்க்கவில்லை. கன்னத்துக் கொட்டை அசையவே இல்லை. அவ்வளவு நாளில் அதை நான் அசையாமல் பார்த்தது அன்றுதான்.

என் தொட்டியில் அப்போது ஆட்கள் இல்லை. என்னைக் கூப்பிட்டார்கள், உன் பேச்சையாவது கேட்கிறாரா பார் என்று. நான் கிட்டே போனதும் அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கை வேர்த்திருந்தது.

“நீ சொல்லு தங்கச்சி. உனக்குக் கேக்குதா?”

இரண்டு காதடைப்பானையும் எடுத்தேன். கையுறையைக் கழற்றி அவர் கைக்குப் பக்கத்தில் என் கையை வைத்தேன். இரும்பு வெதுவெதுவென்று இருந்தது. தலையை ஓட்டைக்குள் நீட்டினேன். தூரத்தில் ஏதோ பம்ப் ஓடுகிற அதிர்வு. காற்று. கழுவின தண்ணீரின் மிச்ச வாடை. அக்கா சொல்லிக் கொடுத்த மாதிரியே கேட்டேன், அவருக்காக ஏதாவது கேட்டுவிட வேண்டும் என்று ஆசைப்பட்டுக் கேட்டேன்.

அவர் முகத்தைப் பார்த்தேன். கேட்குது என்று நான் சொல்லிவிட்டால் அவர் எந்தக் காலத்துக்கும் அந்த ஓட்டையை விட்டு இறங்க மாட்டார் என்று தோன்றியது. இல்லை என்றால், இத்தனை வருடம் அவரைப் பிடித்து நிறுத்திய காதையே நான் பிடுங்கி எறிகிற மாதிரி. இருந்தாலும் அவர் என்னிடம் கேட்டது ஆறுதலை அல்ல.

“இல்லக்கா. ஒண்ணும் கேக்கல.”

“நல்லா கேட்டியா?”

“நல்லா கேட்டேன்கா.”

என் மணிக்கட்டை விட்டார். பிறகு உள்ளே இருந்த காலை வெளியே எடுத்தார்.

“அப்ப சரி” என்றார்.

இறங்கி, கையுறையைப் போட்டுக்கொண்டு, அந்த மூடி முறுக்கப்படுகிற வரைக்கும் தள்ளி நின்று பார்த்தார். அழவில்லை. சாயங்காலம் என் வீட்டுக்காரரின் மோட்டார் வளைவில் இருமியபோது, அக்கா என்னைப் பார்த்து, “இது உனக்குக் கேக்குதுல்ல?” என்றார். “கேக்குதுக்கா” என்றேன். “எனக்கும் கேக்குது” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

மறுநாள் வரவில்லை. இனி கூப்பிட வேண்டாம் என்று கோண்ட்ராக்டர் சொல்லிவிட்டதாக ஒரு பேச்சு. அவரே வரமாட்டேன் என்று சொல்லிவிட்டதாக இன்னொரு பேச்சு. ஷட்டவுன் முடிந்து மெர்லிமாவுக்குப் போனேன். வீடு பூட்டியிருந்தது. செர்காமில் அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறார் என்று பக்கத்து வீட்டுப் பெண் சொன்னாள். யாருடைய அக்கா என்று நான் கேட்கவில்லை.

பிறகு ஒரே ஒரு முறை பார்த்தேன், மெர்லிமாவ் காலைச் சந்தையில். தன்னைவிட வயதான ஒரு பெண்ணோடு மீன்கடை முன்னால் நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார். மீன் நேற்றையது என்கிறார் ஒருவர், இன்றையது என்கிறார் மற்றவர். வாய்விட்டு, ஊர் பார்க்க, நல்ல உரத்த சண்டை. பெரியக்காவாகத்தான் இருக்க வேண்டும். மூக்கு அப்படியே இருந்தது. என்னைப் பார்த்ததும் கையை ஆட்டி, “பசியாறிட்டியா?” என்று கத்தினார். நான் பதில் சொல்வதற்குள் பெரியக்கா மீன்காரரிடம் விலையை முடித்துவிட்டார் போலிருக்கிறது, அக்கா திரும்பி மறுபடியும் சண்டையில் இறங்கிவிட்டார். கன்னம் புடைத்திருக்கவில்லை. சிரித்துக்கொண்டே வந்துவிட்டேன். அன்றைக்கு எனக்கு அவசரம், என் வீட்டுக்காரர் மோட்டாரில் காத்துக்கொண்டிருந்தார். அக்காவின் நம்பரைக் கேட்டு வாங்கத் தோன்றவில்லை.

இப்போது அவர் இல்லை, என் வீட்டுக்காரர். படுத்த படுக்கை, ஆஸ்பத்திரி என்று எதுவும் இல்லாமல் போய்விட்டார். மகன் சிங்கப்பூரில், மகள் ஜொகூரில். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வந்து சாப்பிட்டாயா என்று கேட்கிறார்கள். நல்ல பிள்ளைகள்தான். போனை வைத்த பிறகு வீடு எவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று அவர்களுக்குச் சொல்லிப் புரிய வைக்க முடியாது. பேசியே வாழ்ந்தவள் நான். இப்போது சில நாள் என் குரலை நானே கேட்பது கடைக்காரரிடம் மிச்சக் காசு கேட்கும்போதுதான்.

சாயங்காலம் வேலை விடுகிற நேரத்துக்கு, எங்கள் தாமான் குடியிருப்பில் மோட்டார்கள் ஒவ்வொன்றாக வரும். அவற்றுக்கு நடுவில் ஒன்று வரும். கர்ரென்று இறங்கி, நிற்பதற்கு முன்னால் ஒரு தடவை இருமும். நான் காதைத் தீட்டிக் கற்றுக்கொண்ட சத்தம். வேறு எதையும் அப்படிக் கற்றுக்கொள்ளவில்லை. முதல் சில நாள் அடுப்பைக்கூட அணைக்காமல் ஓடினேன்.

இப்போது ஓடுவதில்லை. மெதுவாக வாசலுக்குப் போவேன். அவர் மோட்டார் அங்கேயே, போர்வை போட்டு நிற்கிறது. விற்க மனசு வரவில்லை. போர்வையை ஓரமாகத் தூக்கி இஞ்சினில் உள்ளங்கையை வைப்பேன். சில்லென்று இருக்கும். பக்கத்து வீட்டில் கருவாடு பொரிகிற வாசம் வரும். சூராவில், தெருமுனைச் சின்னத் தொழுகைக்கூடத்தில், பாங்கு சொல்வார்கள். இவ்வளவும் இருக்கிறது, உண்மையாக இருக்கிறது, என் கைக்குக் கீழே இரும்பு குளிர்ந்துதான் இருக்கிறது. ஆனாலும் அந்த இருமல் காதை விட்டுப் போகாது. அக்காவுக்கு அன்று என் மணிக்கட்டு இருந்தது. பிடித்துக்கொண்டு கேட்டார்.

நான் என் மணிக்கட்டையே பிடித்துக்கொள்கிறேன். உனக்குக் கேக்குதா என்று கேட்பதும் நான்தான். நன்றாகக் கேட்டுவிட்டு, இல்லக்கா என்று சொல்வதும் நான்தான்.

அப்ப சரி என்று மட்டும் சொல்ல வருவதில்லை. அதைச் சொன்னால் அக்காவைப் போலக் காலை எடுத்துவிட்டு உள்ளே போய்விட வேண்டுமே. இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நிற்கிறேன்.